கண் மஞ்சளாகாமலே வரும் ஈரல் நோய்: வாசகர் கேள்வி-பதில்

கே: ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு இரத்தப் பரிசோதனையில் ஹெப்பற்றைற்றிஸ் பி என்று வந்திருக்கிறது. அங்கே போய்த்தான் தொற்றியதா? (கொக்குவில்)

ப: ஹெப்பற்றைற்றிஸ் பி என்பது ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. அது நாட்பட்ட தொற்று என்றால், பெரும்பாலும் அங்கே தொற்றியது இல்லை. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் 100 பேரில் 95 பேருக்கு மேல் உடம்பே வைரசை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தாலோ கதை தலைகீழ். 10 குழந்தைகளில் 9 பேரின் ஈரலில் அது தங்கிவிடும். தம்பியின் சூட்கேசோடு அதுவும் இங்கிருந்தே விமானம் ஏறியிருக்கலாம்.

அதனால் அம்மாவும் நீங்களும் மற்றச் சகோதரங்களும் பரிசோதிக்க வேண்டும். இரத்தத்தில் மூன்று பரிசோதனைகள் உண்டு. எச்.பி.எஸ். அன்ரிஜன் (வைரசின் மேலுறைப் புரதம்) இப்போது தொற்று இருக்கிறதா என்று சொல்லும். அதற்கு எதிரான அன்ரிபொடி (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்), பாதுகாப்பு உண்டா என்று சொல்லும். கோர் அன்ரிபொடி, எப்போதாவது தொற்றியதா என்று காட்டும். மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இலங்கையில் இந்தத் தொற்று குறைவு, பதற வேண்டியதில்லை. ஆனால் எங்கள் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த பலர் போட்டிருக்கமாட்டார்கள். தொற்று இல்லாதவர்கள் இப்போதும் போடலாம்.

ஒன்று சொல்லவேண்டும். அம்மாவுக்கு இருந்தால் குற்றம் சுமத்தாதீர்கள். "நான்தானே பிள்ளைக்குக் குடுத்தனான்" என்று என் மேசைக்கு முன்னால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு அழுத ஒரு தாயை இன்னும் மறக்கவில்லை. தனக்கு இருந்தது அவருக்கே தெரியாது.

கே: எனக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி. ஆனால் ஒரு வருத்தமும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஸ்கான் எதற்கு? (சாவகச்சேரி, வயது 52)

ப: ஈரல் வலித்துச் சொல்லாது, அதுதான் சிக்கல். மற்ற ஈரல் நோய்களில் பெரும்பாலும் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுவது) வந்த பிறகுதான் புற்றுநோய் வரும். பி வைரஸ் ஈரல் கலத்தின் மரபணுவுக்குள்ளேயே புகுந்துகொள்வதால் சிரோசிஸ் இல்லாமலும் வரலாம். ஆசிய ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 வயதிலிருந்து இந்தக் கண்காணிப்பைச் சொல்கிறோம். சின்னக் கட்டியாக இருக்கும்போது பிடித்தால் வெட்டி எடுக்க வழியுண்டு.

கே: கீழ்க்காய்நெல்லி குடித்துச் செங்கமாரி மாறியது. பி-க்கும் அதுவே போதுமா? (கரவெட்டி)

ப: உங்களுக்கு வந்தது அசுத்தத் தண்ணீரில் பரவும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ ஆக இருந்திருக்கலாம். அது தானாகவே மாறும், பெயர் மட்டும் இலைக்குக் கிடைக்கும். பி-க்கு அது போதாது. பி வைரசை அடக்கும் ரெனொஃபொவிர் போன்ற மாத்திரை எடுப்பவர் இலையை நம்பி அதை நிறுத்தினால் ஈரல் திடீரென்று மோசமாகலாம்.

கே: பி உள்ளவரோடு ஒரே கோப்பையில் சாப்பிடலாமா?

ப: தாராளமாக. சவர அலகையும் பல்துலக்கியையும் மட்டும் தனியாக வையுங்கள்.

கே: கட்டார் வேலைக்கான மெடிக்கலில் ஹெப்பற்றைற்றிஸ் சி என்று அன்ஃபிற் ஆக்கிவிட்டார்கள். (பருத்தித்துறை)

ப: சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் மாத்திரை உண்டு. 8 முதல் 12 வாரம் ஒழுங்காக எடுத்தால் 100இல் 95 பேருக்குக் குணமாகும். அந்த அறிக்கையைக் கிழிக்காமல் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.