துடிப்பில்லாத கரு வளர்கிறது என்றால்?

கேள்வி: என் மகளுக்கு இரட்டைக் கரு. 9-வது வாரத்தில், ஒன்றுக்குத் துடிப்பில்லை, தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். இப்போது 14-வது வார ஸ்கேனில் அது வளர்ந்திருக்கிறதாம். எப்படி? இன்னொரு பிள்ளைக்கு ஆபத்து உண்டா?

பதில்: முதலில், இரண்டு கருவுக்கும் நச்சுக்கொடி ஒன்றா, தனித்தனியா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். ஒன்றுதான் என்றால், 'ட்ராப்' (TRAP) என்ற அரிய கோளாறாக இருக்கலாம்; அதாவது, நல்ல கரு தள்ளும் ரத்தத்தாலேயே இதயமில்லாத இன்னொரு கரு வளர்வது. ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில், நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இதைப் பார்க்கிறோம்.

வழக்கமாகத் தமனி வழியே ரத்தம் கருவிலிருந்து நச்சுக்கொடிக்குப் போகும். இங்கே இரு கருக்களின் தமனிகள் நச்சுக்கொடியில் நேரடியாக இணைந்துவிடுகின்றன. நல்ல கருவின் இதயம் தள்ளும் ரத்தம், இதயமில்லாத கருவுக்குள் தலைகீழாக நுழைகிறது. அதுவும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம். இடுப்புக்கும் காலுக்கும் முதலில் போவதால் கால்கள் உருவாகியிருக்கும். தலையும் கைகளும் பெரும்பாலும் இருக்காது. அந்தக் கரு பிழைக்க வழியில்லை.

ஆபத்து மற்ற பிள்ளைக்குத்தான். ஒரு மோட்டார் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவதுபோல அதன் இதயம் உழைக்கிறது. இதயமில்லாத கரு வளர வளர நல்ல கருவின் இதயம் தளரும், பனிக்குட நீர் கூடும், குறைமாதப் பிரசவம் ஆகலாம். அப்படியே விட்டால் பாதிக்கு மேல் இழப்புதான்.

ஆகவே, இந்த வாரமே கரு மருத்துவ நிபுணரிடம் டாப்ளர் ஸ்கேன் செய்யுங்கள். ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். நல்ல கருவுக்கு எக்கோவும், குரோமோசோம் பரிசோதனை தேவையா என்ற ஆலோசனையும் வேண்டும். தேவைப்பட்டால், பொதுவாக 16 வாரத்துக்குப் பிறகு, மெல்லிய ஊசியை வயிறு வழியே செலுத்தி, ரேடியோ அலை வெப்பத்தாலோ லேசராலோ அந்த ரத்த ஓட்டத்தை அடைப்பார்கள். பனிக்குடம் உடையும் அபாயம் உண்டு. இருந்தாலும் சிகிச்சைக்குப் பின் பத்தில் எட்டு பிள்ளைகள் வரை பிழைக்கிறார்கள். இதயமில்லாத கரு சிறியதாகவே நின்றுவிட்டால் அடிக்கடி ஸ்கேன் செய்து கவனித்தாலே போதும் என்றும் சொல்லலாம்.

அப்புறம், கிரகணத்தன்று வெளியே போனாளா, எதைத் தின்றாள் என்று யாராவது ஆரம்பித்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மகள் செய்த எதனாலும் இது வருவதில்லை. வயிறு திடீரெனப் பெருத்தாலோ, நீர் கசிந்தாலோ, விட்டுவிட்டு வலித்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.