பெட்டி முதிரை, எர்த் எங்கே?

கே: பாட்டுக் கேட்க அம்ப்ளிபயர் ஒன்று கட்டுகிறேன். அதற்கு இணையத்தில் ஒருவரிடம் ஈசிஎல்82 வால்வு (பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) ஒரு சோடி வாங்கினேன். சொக்கற்றில் போட்டால் இழை சிவக்கவேயில்லை. கண்ணாடியில் யூசிஎல்82 என்று மங்கலாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் விற்றவர்.
— புதுக்குடியிருப்பு

ப: ஒன்றல்ல. கால்களும் உள்ளமைப்பும் ஒன்று, ஹீற்றர் (உள்ளே சிவக்கும் இழை) வேறு. முதல் எழுத்து ஈ என்றால் 6.3 வோல்ற். யூ என்றால் ஹீற்றர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் 100 மில்லி அம்பியர் தொடர் இணைப்புக்கானது. யூசிஎல்82 க்கு 50 வோல்ற் வேண்டும். பீ என்றால் 300 மில்லி அம்பியர் தொடர். பீசிஎல்82 க்கு 16 வோல்ற். இதே அவசரத்தில் வாங்கிய பீசிஎல்82 இரண்டு என் லாச்சியிலும் கிடக்கின்றன. ஆனால் உங்கள் விடயத்தில் பிழை உங்களுடையதல்ல. விளம்பரத்தில் ஈ என்று போட்டுவிட்டு யூ அனுப்பியிருக்கிறார். விளம்பரத்தின் படம், பார்சல் உறை, பணம் கட்டிய துண்டு மூன்றையும் எடுத்து வையுங்கள். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை 2003 இன் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள்.

கே: ஸ்பீக்கர் இன்னும் வாங்கவில்லை. அம்ப்ளிபயரை மட்டும் போட்டுப் பார்க்கலாமா?
— ஒட்டுசுட்டான்

ப: கூடாது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கும் வெளியீட்டு ரான்ஸ்போமர் எரியலாம். 8 ஓம், 10 வாற் ரெசிஸ்டர் ஒன்றாவது ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள்.

கே: மரக்காலையில் நல்ல முதிரைப் பலகை கிடைத்தது. ஓடாவி பெட்டி அடித்து, வார்னிஷும் பூசித் தந்துவிட்டார். ஈஎல்84 வால்வுகளின் சொக்கற்றுகளை மேற்பலகையிலேயே பூட்டலாமா? எர்த் அவசியமா? மரம் கறண்ட் கடத்தாதே.
— கிளிநொச்சி

ப: மரம் கடத்தாது என்பதால்தான் எர்த் அவசியம். தகரப் பெட்டியில் ரான்ஸ்போமரையும் வொலியூம் கொன்ட்ரோலையும் முறுக்கிய ஆணியே அவற்றை எர்த்தோடு சேர்த்துவிடும். மரத்தில் அவை ஒவ்வொன்றும் தனித்தனியே அந்தரத்தில் நிற்கும். உள்ளே ஒரு வயர் கழன்று பட்டால் 300 வோல்ற்றுக்கு மேல் அலுமினியக் குமிழில் நிற்கும். நீங்கள் அதைத்தான் விரலால் திருப்புவீர்கள். பலகைக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் மூன்று இழை வயருக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்குவதேயில்லை. கடைகளில் அடுக்கியிருக்கும் மினுக்கிய வெறும் பெட்டிகளில் எர்த் ஆணிக்கு ஒரு துளைகூட இருக்காது.

செய்யவேண்டியது இது. பச்சை மஞ்சள் வயரைத் தனி போல்ற் ஒன்றில், பல்லுள்ள வாசருடன் இறுக்குங்கள். அடுத்துச் சொல்லும் இணைப்பு வயரைத் தவிர அதே போல்ற்றில் வேறு எதையும் பூட்டாதீர்கள். பக்கத்திலேயே இரண்டாவது போல்ற் ஒன்று வைத்து, முதலாவதோடு தடித்த வயரால் இணையுங்கள். அதிலிருந்து ரான்ஸ்போமர்களின் இரும்பு, வொலியூம் கொன்ட்ரோலின் உடல், இரும்புச் சுவிட்ச், மேற்தகடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வயர் போகவேண்டும். பிளக்கின் எர்த் முனைக்கும் இவை ஒவ்வொன்றுக்கும் இடையே மீற்றர் 1 ஓமுக்குக் கீழே காட்டவேண்டும். லைவ் வயரில் 500 மில்லி அம்பியர், மெதுவாக உருகும் பியூஸ். பிறகு சுவர்ச் சொக்கற்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகள் உண்டு.

சொக்கற்றை மரத்தில் பூட்டாதீர்கள். ஈஎல்84 ஒன்று ஹீற்றரோடு சேர்த்து 17 வாற் அளவு வெப்பம் விடும். மரம் காய்ந்து சுருங்கி, துளையின் ஓரம் கறுக்கும். மேற்பலகையை வெட்டி 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு பதித்து அதில் பூட்டுங்கள். வால்வுக்கும் மரத்துக்கும் 3 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். சொக்கற்றைக் கையில் வாங்கி அளந்த பிறகே துளை. தகட்டின் ஆணித்துளைகளை நீள்துளையாக்குங்கள். மாரியில் பலகை ஊதும், வெயிலில் இறுகும். அடிப்பலகையின் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி எர்த்தோடு சேர்த்து, மேலே தடித்த காட்போட் வையுங்கள். இரைச்சல் அங்கேயே குறையும்.

கே: 250-0-250 ரான்ஸ்போமருக்கு (நடுமுனையின் இரு பக்கமும் 250 வோல்ற் ஏசி) 350 வோல்ற், 100 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஆறு மலிவாக வாங்கினேன். ஒன்று வெடித்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
— முல்லைத்தீவு

ப: அவர் ஏன் தரவேண்டும்? ஏசியின் உச்சத்துக்குத்தான் கப்பாசிற்றர் நிரம்பும். 250 ஐ 1.414 ஆல் பெருக்குங்கள்: 353 வோல்ற். வால்வு சூடாகிக் கறண்ட் இழுக்கும்வரை அது இன்னும் ஏறி நிற்கும். 450 வோல்ற் வாங்கியிருக்கவேண்டும். ஆறு வாங்கமுன் ஒரு பெருக்கல் செய்திருக்கலாம். மிச்சம் ஐந்தையும் எறியாதீர்கள். நான்கை இரண்டு இரண்டாகத் தொடரில் இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம், 2 வாற் ரெசிஸ்டர் போடுங்கள். சோடி ஒன்று 50 மைக்ரோபரட், 700 வோல்ற் ஆகும். அந்த ரெசிஸ்டர்களே நிறுத்திய பின் மின்னேற்றத்தையும் இறக்கும். இரண்டு நிமிடம் பொறுத்து, மீற்றரால் பார்த்தபின் கை வையுங்கள்.

கே: 5 கிலோ ஓம் வெளியீட்டு ரான்ஸ்போமர் என்று தந்தார்கள். மீற்றரில் 290 ஓம்தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— வவுனியா

ப: அதை வைத்துச் சொல்லமுடியாது. 5 கிலோ ஓம் என்பது சுருளின் ரெசிஸ்டன்ஸ் அல்ல, ஸ்பீக்கர் பூட்டியிருக்கையில் வால்வு ஏசிக்குக் காணும் சுமை. மீற்றர் சில நூறு ஓம் காட்டுவதுதான் இயல்பு. சிறிய ரான்ஸ்போமரிலிருந்து 12 வோல்ற் ஏசி எடுத்து (போன் சார்ஜர் அல்ல) பெரிய சுருளுக்குக் கொடுங்கள். 8 ஓம் பக்கத்தில் 0.48 வோல்ற் அளவு வரவேண்டும். பிறகு தகடுகளின் ஓரத்தைப் பாருங்கள். ஒற்றை வால்வுக்கானது என்றால் ஈ வடிவத் தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், நேர்த்தகடுகள் மறுபக்கம், நடுவே மெல்லிய கடதாசி இருக்கும். மாறி மாறி அடுக்கியிருந்தால் அது வேறு வேலைக்கானது. திருப்பிக் கொடுங்கள், பில் இருக்கிறதுதானே?

கே: பழைய சாமான் கடையில் வாங்கிய வால்வின் உச்சி வெள்ளிபோல் இல்லை, பால்போல் வெள்ளையாக இருக்கிறது. கழுவலாமா?
— மாங்குளம்

ப: காற்றுப் புகுந்துவிட்டது. வெள்ளை உள்ளே இருக்கிறது ஐயா, எதைக் கழுவுவீர்கள்?