மொழியியல் மாநாட்டுக்கு முதன்முறையாக ஆய்வுச்சுருக்கம் அனுப்புவது எப்படி? அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எங்கே அனுப்பலாம்?

கேள்வி கேட்டவர் தமிழ் முதுகலை முடித்து ஆய்வில் சேர்ந்திருக்கிறார். கல்லூரிக் கருத்தரங்குகளில் ஐந்து கட்டுரைகள் வாசித்திருக்கிறார். “இரண்டு பக்கச் சுருக்கம், பெயர் குறிப்பிடாமல்” என்று கேட்கும் மொழியியல் மாநாடு ஒன்றுக்கு இப்போதுதான் முதல் முறையாக அனுப்பப் போகிறாராம். நானும் இதே வழியில் வந்தவள். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த இரண்டு நாள் மாநாட்டின் அமைப்புக் குழுவிலும் இருந்தேன். அனுப்பியவளாகவும் படித்துத் தேர்ந்தெடுத்தவளாகவும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாம் பழகிய கருத்தரங்க முறையை முதலில் மறக்க வேண்டியிருக்கிறது. கட்டுரையையும் பதிவுக் கட்டணத்தையும் அனுப்புகிறோம். இரண்டு நாளில் “ஏற்கப்பட்டது” என்று பதில் வருகிறது. அரங்குக்குப் போனால் ஐந்து நிமிடம் தருகிறார்கள், அதற்குள் “முடித்துக்கொள்ளுங்கள்” என்று துண்டுச்சீட்டு வருகிறது. மாலையில் ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் தடித்த தொகுப்பு நூல் ஒன்றும் சான்றிதழும் கையில். நம் கட்டுரையை அதுவரை ஒருவர்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார். இந்தப் பழக்கத்துக்கு விதிமுறையும் ஒரு காரணம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை சொன்னது. 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. ஒரு மாணவி ஆறு மாதம் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த தரவைப் படிக்காமலே ஏற்றுக்கொள்வதைவிடப் பெரிய அவமதிப்பு வேறு இல்லை. படித்துப் பார்த்து “வேண்டாம், இன்ன காரணம்” என்று எழுதுபவரே அந்த உழைப்பை மதிக்கிறார்.

நீங்கள் அனுப்பப்போகும் மாநாடு, படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அந்த இரண்டாவது வகை. அங்கே என்ன நடக்கிறது என்பதை எங்கள் மாநாட்டை வைத்தே சொல்கிறேன். எங்களுக்கு 74 சுருக்கங்கள் வந்தன. ஒருவருக்கு 20 நிமிட உரை, 10 நிமிடக் கேள்வி என்று கணக்குப் போட்டால் 22 பேருக்குத்தான் இடம் இருந்தது. ஒவ்வொரு சுருக்கத்தையும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். 25 பேர் ஒப்புக்கொண்டார்கள், தலைக்கு ஆறு சுருக்கங்கள். சம்பளம் கிடையாது. பகலெல்லாம் வகுப்பு எடுத்துவிட்டு இரவில் உட்கார்ந்து படிப்பவர்கள் அவர்கள். ஈசிசேர் என்ற இணைய அமைப்பின் வழியாக ஒவ்வொன்றுக்கும் +3 முதல் −3 வரை மதிப்பெண் கொடுத்து, காரணத்தையும் எழுதினார்கள். இருவரும் +2 கொடுத்தது உள்ளே, இருவரும் −2 கொடுத்தது வெளியே. ஒருவர் +2, மற்றவர் −2 கொடுத்தவைதான் எங்களைத் தூங்கவிடவில்லை. அவற்றை மூன்றாவது ஒருவருக்கு அனுப்பினோம், அப்படியும் தீராதவற்றைக் குழுவில் வரிவரியாகப் படித்தோம்.

இப்படிப் படிக்கும்போது ஒரு சுருக்கத்துக்குக் கிடைப்பது கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி முடியும்போது “இவர் என்ன சொல்ல வருகிறார்?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். நம் பக்கத்துச் சுருக்கங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். தலைப்பிலேயே அது தெரிந்துவிடும்: “தமிழில் நான்காம் வேற்றுமை: ஓர் ஆய்வு”. தொல்காப்பியத்திலிருந்து தொடங்கி வேற்றுமை என்றால் என்ன என்று ஒரு பத்தி. தமிழின் தொன்மை பற்றி இன்னொரு பத்தி. கடைசியில் “இக்கட்டுரை நான்காம் வேற்றுமையின் பல்வேறு பயன்பாடுகளை ஆராய்கிறது” என்று ஒரு வரி. இரண்டு பக்கமும் தீர்ந்துவிட்டது. ஆராய்ந்து என்ன கண்டார் என்பது எங்கும் இல்லை.

என் முதல் சுருக்கம் கிட்டத்தட்ட அச்சு அசலாக இதுவேதான். நிராகரிக்கப்பட்டது. ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்த குறிப்பை இன்றும் வைத்திருக்கிறேன். “நீங்கள் சொல்வது தவறு என்று ஒருவர் வாதிட விரும்பினால், அவர் எதை மறுக்க வேண்டும்?” என்று கேட்டிருந்தார். அன்று அழுகை வந்தது. மறுநாள் அந்தக் கேள்வியை எதிரில் வைத்துக்கொண்டு திரும்ப எழுத உட்கார்ந்தேன்.

அதே பொருளை எப்படி மாற்றி எழுதினேன் என்பதைக் காட்டுகிறேன். “எனக்குப் பசிக்கிறது” என்ற வாக்கியத்தில் பசியை உணர்பவர் நான், ஆனால் வினை அஃறிணை ஒருமையிலேயே நிற்கிறது. “எங்களுக்குப் பசிக்கிறது” என்றாலும் அது மாறுவதில்லை. வினையின் விகுதியை வைத்துப் பார்த்தால் “எனக்கு” எழுவாய் ஆகாது. ஆனால் “குமாருக்குத் தன் தம்பி மேல் கோபம் வந்தது” என்பதைப் பாருங்கள். “தன்” என்பது குமாரையே குறிக்கிறது. “தன்” பொதுவாக எழுவாயை நோக்கித் திரும்பும் சொல். இதற்கு எதிராக “நான் குமாருக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தேன்” என்று சொல்லிப் பாருங்கள். என் காதுக்கு இது ஒட்டவில்லை. இரண்டிலும் அதே “குமாருக்கு”தான், அதே உருபுதான். உணர்பவரைக் குறிக்கும்போது எழுவாயைப் போல நடந்துகொள்கிறது, பெறுபவரைக் குறிக்கும்போது அப்படி நடந்துகொள்வதில்லை. இப்போது மறுக்கத்தக்க ஒரு கருத்து கிடைத்துவிட்டது. தென்னாசிய மொழிகள் பலவற்றில் இந்தச் சிக்கல் உண்டு, இதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக விவாதம் நடந்துவருகிறது. எனவே முன்பு சொன்னவர்களில் இருவர் மூவரை மட்டும் குறிப்பிட்டு, அவர்கள் எங்கே நிறுத்தினார்கள், நீங்கள் எங்கிருந்து தொடர்கிறீர்கள் என்று மூன்று வரியில் சொன்னால் போதும். தொல்காப்பியம் உங்கள் வாதத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் தாராளமாக வரட்டும். மரியாதைக்காக வர வேண்டாம்.

அடுத்தது எடுத்துக்காட்டுகள். உங்கள் சுருக்கத்தைப் படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். வங்காளி ஒருவரோ ஜப்பானியர் ஒருவரோ படிக்கலாம். அதற்காகத்தான் எடுத்துக்காட்டை மூன்று வரிகளில் தரும் வழக்கம் இருக்கிறது. முதல் வரியில் உருபன் உருபனாக, அதாவது பொருள் தரும் மிகச் சிறிய கூறுகளாக, பிரித்த வாக்கியம், இரண்டாவதில் ஒவ்வோர் உருபனுக்கும் நேர் கீழே அதன் பொருள், மூன்றாவதில் முழு வாக்கியத்தின் மொழிபெயர்ப்பு. லைப்சிக் விதிகள் என்று பெயர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தின் மொழியியலாளர்களும் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையினரும் வகுத்தவை. நீளமானவை அல்ல, ஒரே மாலையில் படித்துவிடலாம். முதல் இரண்டு வரிகளை மட்டும் நம் எழுத்தில் காட்டுகிறேன்:

அவன்-உக்கு பசி-க்கிற்-அது
அவன்-நான்காம்.வேற்றுமை பசி-நிகழ்காலம்-படர்க்கை.ஒருமை.அஃறிணை

மேல் வரியின் சொல்லில் இரண்டு சிறுகோடுகள் இருந்தால் கீழ்வரியிலும் இரண்டே இருக்க வேண்டும். ஓர் உருபனுக்குப் பல பொருள்கள் இருந்தால் அவற்றுக்கிடையே புள்ளி. சந்தியில் தோன்றும் ஒற்று உங்கள் வாதத்துக்குத் தொடர்பில்லாதது என்றால் விட்டுவிடலாம், ஆனால் எல்லா எடுத்துக்காட்டுகளிலும் ஒரே மாதிரி விட வேண்டும். இது சடங்கு இல்லை. பிரித்து எழுத உட்காரும்போதுதான் “இந்த விகுதியை நான் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்?” என்ற கேள்வி எனக்கு முதன்முதலில் வந்தது. எங்கள் மாநாட்டுக்கு வந்தவற்றில் எட்டு ஒன்பது சுருக்கங்கள் நல்ல கருத்து இருந்தும் இந்த ஒரு குறையால் மதிப்பெண் இழந்தன. மதிப்பீட்டாளரால் தரவைச் சரிபார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும் ஒலிபெயர்ப்பில் கவனம் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முறையில் ழகரத்துக்கு எழுத்தின் கீழே கோடு, ளகரத்துக்குக் கீழே புள்ளி. இரண்டையும் கலந்துவிட்டால் வாழை மரமும் வாளை மீனும் குழம்பிப்போகும். எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒலியியல் கட்டுரை என்றால் பன்னாட்டு ஒலியியல் நெடுங்கணக்கையே பயன்படுத்துங்கள். தமிழ் எழுத்துகளைச் சேர்த்தால் ஒருங்குறியில் தட்டச்சு செய்து, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து பி.டி.எஃப். ஆக்குங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அப்படியே அனுப்பியவர்களின் வாக்கியங்கள் என் திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் திறந்திருக்கின்றன. வேறொரு கணினியில், முடிந்தால் நண்பரின் கைப்பேசியிலும், ஒருமுறை திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள்.

பெயர் குறிப்பிடாமல் என்பதற்கு முழுப் பொருள் உண்டு. தலைப்பின் கீழே பெயரை நீக்கினால் மட்டும் போதாது. “என் முந்தைய கட்டுரையில் நான் காட்டியபடி” என்று எழுதினால் நீங்கள் யார் என்பது தெரிந்துவிடும். கோப்பின் பண்புகளில் கணினி தானாகவே பதித்துவைத்திருக்கும் பெயரையும் நீக்க வேண்டும். நெறியாளருக்கு நன்றி சொல்லும் வரியும் இப்போது வேண்டாம், உரை நாளன்று சொல்லலாம். சின்ன ஊரிலிருந்து, பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து அனுப்புபவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய பாதுகாப்பு. எங்கள் மாநாட்டில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற சுருக்கம் யாருடையது என்று கடைசியில் திறந்து பார்த்தோம். மாவட்டத் தலைநகரம்கூட இல்லாத ஓர் ஊரின் கல்லூரியில் பகுதிநேரமாக ஆய்வு செய்துகொண்டிருந்தவர் அவர்.

அழைப்பறிக்கையை இரண்டு முறை படியுங்கள். பக்க அளவு, எழுத்தின் அளவு, ஓரம், மேற்கோள் நூல்கள் அந்த இரண்டு பக்கத்துக்குள் அடங்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும். பல மாநாடுகளில் தனியாக ஒன்று, இன்னொருவருடன் சேர்ந்து ஒன்று என்று மட்டுமே அனுப்பலாம். கடைசி நாளுக்குப் பக்கத்தில் “பூமியில் எங்கேனும்” என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று இருக்கலாம். கிரினிச் நேரத்துக்கு 12 மணி நேரம் பின்தங்கிய நேரக்கணக்கு அது. அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. அதை நம்பிக் காத்திருக்கச் சொல்லவில்லை. மின்சாரம் போன இரவில் ஒரு தோழிக்கு இது கைகொடுத்திருக்கிறது.

எங்கே அனுப்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். 1971இல் தொடங்கிய அகில இந்தியத் திராவிட மொழியியலாளர் மாநாடு நம் மொழிகளுக்கு நேரடியாக உரியது. தென்னாசிய மொழிகளின் தொடரியல் (வாக்கிய அமைப்பு), பொருண்மையியல் (பொருள்) போன்றவற்றில் முறையான கோட்பாட்டு ஆய்வு செய்பவர் என்றால் 2011 முதல் அமெரிக்காவில் நடந்துவரும் பசல் (FASAL) மாநாட்டைப் பாருங்கள். உலகெங்கும் வெளியாகும் அழைப்புகளை லிங்விஸ்ட் லிஸ்ட் தளத்தில் காணலாம், 1990 முதல் இயங்குகிறது. உங்கள் ஆய்வு கணினி மொழியியல் பக்கம் போனால் முறையே வேறு. அங்கே சுருக்கத்தை வைத்து முடிவு செய்வதில்லை, முழுக் கட்டுரையையே முதலில் அனுப்ப வேண்டும். நீண்ட கட்டுரை 8 பக்கம், குறுங்கட்டுரை 4 பக்கம் என்பது அங்கே பொதுவான அளவு. பொது மொழியியலில் சுருக்கம் ஏற்கப்பட்டு, உரை நிகழ்த்தி, அரங்கில் வரும் கேள்விகளால் திருத்திய பிறகுதான் முழுக் கட்டுரை தொகுப்புக்குப் போகும். இந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது. தேர்வு முடியும் முன்பே பணம் கேட்கும் அழைப்பு எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

நிராகரிப்பு வந்தால் குறிப்புகளை உடனே படிக்காதீர்கள், இரண்டு நாள் கழித்துப் படியுங்கள். மூன்று குறிப்புகளில் ஒன்று நியாயமற்றதாகக்கூட இருக்கும். மற்ற இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே உண்மையில் ஏதோ உடைந்திருக்கிறது. திருத்தி அடுத்த மாநாட்டுக்கு அனுப்புங்கள். என் சுருக்கம் மூன்றாவது முறைதான் ஏற்கப்பட்டது.

உரைக்குப் போகும்போது எடுத்துக்காட்டுகளை எண்ணிட்டு ஒரு தாளில் அச்சடித்து 30 படிகள் எடுத்துச் செல்லுங்கள். திரையில் ஓடும் வாக்கியத்தைக் கேட்பவரால் திரும்பப் பார்க்க முடியாது. என் முதல் உரையில், “குமாருக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தேன்” என்ற ஏழாவது எடுத்துக்காட்டுக்கு முன்னால், ஏற்கத்தகாதது என்று காட்டும் உடுக்குறியை (*) இட்டிருந்தேன். கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஒருவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, “ஏழு எனக்குச் சரியாகத்தான் படுகிறது, எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வோம்” என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் தலையசைத்தார். உரை முடிந்ததும் இருவரின் ஊரையும் குறித்துக்கொண்டேன். அடுத்த கோடை விடுமுறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். என் ஆய்வேட்டின் நான்காவது இயல் அங்கிருந்து வந்தது.