பிடி பருத்தியில் இளஞ்சிவப்புப் புழு: விதை போலியா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் 2 ஏக்கர் பிடி பருத்தி போட்டிருக்கிறேன். 110 நாள் பயிர். காயைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. "மரபணு வச்ச விதை, புழுவே வராது" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். விதை போலியா? மரபணு என்றால்தான் என்ன? நல்ல காயாகப் பார்த்து விதை எடுத்து அடுத்த போகத்துக்குப் போடலாமா?

பதில்: முதலில் பச்சைக் காய்ப்புழு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் வயல் முழுக்கக் காயைக் குடைந்தால் விதையைச் சந்தேகிக்கலாம். இளஞ்சிவப்புப் புழு மட்டும் என்றால் பெரும்பாலும் விதை சரிதான், புழுதான் மாறிவிட்டது.

பருத்திச் செடியின் உயிரணுவில் 52 குரோமோசோம்கள். அவற்றுக்குள் சுருண்டு கிடக்கும் நீண்ட இழைதான் டிஎன்ஏ. நான்கு வகை வேதிப்பொருள்கள் மாறி மாறி வரும் வரிசை அது. அதில் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற விவரம் அடங்கிய துண்டுக்குத்தான் மரபணு என்று பெயர். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பிடி) என்ற பாக்டீரியாவிடம், காய்ப்புழுவின் குடலைத் துளைக்கும் புரதத்துக்கான மரபணு உண்டு. அதைப் பருத்திக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அக்ரோபாக்டீரியம் என்ற இன்னொரு மண் பாக்டீரியா. தன் டிஎன்ஏவைச் செடிக்குள் செலுத்துவது அதன் இயல்பு. விஞ்ஞானிகள் அதையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

2002இல் இங்கே அனுமதித்த விதையில் இருந்தது ஒரே மரபணு, கிரை1ஏசி. 2006இல் கிரை2ஏபி என்ற இரண்டாவது மரபணுவும் சேர்ந்து பிஜி-2 (போல்கார்டு-2) விதை வந்தது. இந்த மரபணுக்கள் செய்யும் புரதம் புழுவின் குடல் சுவரில் ஒட்டினால்தான் வேலை செய்யும். ஒட்டும் இடம் பிறவியிலேயே மாறியிருந்த சில இளஞ்சிவப்புப் புழுக்கள் பிழைத்துப் பெருகின. குஜராத்தில் 2010 வாக்கில் முதல் மரபணு தோற்றது, சில ஆண்டுகளில் இரண்டாவதும். "புழுவே வராது" என்று இன்னும் சொல்லி விற்பது சரியில்லை. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈக்கு பிடி என்றைக்குமே மருந்து கிடையாது.

விதை எடுக்க வேண்டாம். நீங்கள் வாங்கியது வீரிய ஒட்டு, அதாவது இரண்டு வேறு பெற்றோர் செடிகளை இணைத்து உண்டாக்கிய விதை. பிடி மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், உங்கள் செடியின் விதைகளில் நாலில் ஒன்றுக்கு அது இருக்காது. செடிகளும் ஒன்றுபோல் வராது. ஒரே காய்க்குள் நஞ்சுள்ள விதையும் நஞ்சில்லாத விதையும் கலந்திருப்பது, விதையைத் தின்னும் இந்தப் புழு பழகிக்கொள்ளவும் வசதியாகிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது: வயலில் அங்கங்கே 20 பச்சைக் காய்களைப் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டு காய்க்கு மேல் புழு இருந்தால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, 10 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து மாலையில் அடியுங்கள். இதழ்கள் விரியாமல் நூலால் கட்டியதுபோல் நிற்கும் பூக்களுக்குள் புழு இருக்கும். அவற்றைக் கிள்ளி அழித்துவிடுங்கள். பைரித்ராய்டு மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ ஏறும்.

மழை கிடைத்தது என்று பயிரை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போட்டு மீதிக் காய்களைத் தின்ன விடுங்கள் (மருந்து அடித்து நாளாகியிருக்க வேண்டும்). பருத்தி மாரை விறகுக்கென்று வீட்டோரம் அடுக்கினால், அதில் ஒட்டியிருக்கும் காய்களில் தூங்கும் புழு அடுத்த போகத்துக்குக் கிளம்பி வரும். வெட்டித் தூளாக்கி உழுதுவிடுங்கள்.