எந்த வசனத்தைக் கேட்பது?

கேள்வி: மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்தேன். ஆபிராம் தேசத்தை விட்டுப் புறப்படும் ஆதியாகமம் 12 வந்தது. அம்மா திறந்தால், ‘தேசத்தில் குடியிருந்து’ என்று சங்கீதம் 37! எது தேவசித்தம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சிரித்துவிட்டேன் மகளே, கோபிக்காதே. இடமாற்றம் வந்தபோது நானும் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைப் பெட்டியைக் குடைந்தவன்தான். பிடித்த வசனம் நாலாவது அட்டையில்தான் வந்தது!

நியாயாதிபதி கிதியோன் ஆட்டுத்தோலை விரித்து, அதன்மேல் பனி பெய்யட்டும் என்று கர்த்தரிடம் அடையாளம் கேட்கவில்லையா என்பாய். கர்த்தர் ‘போ’ என்று சொன்ன பிறகுதான் விரித்தான், அது சந்தேகம். எனக்குப் பிடித்தது அப்போஸ்தலர் 16. பவுலுக்கு அன்றைய ஆசியா மாகாணத்தில் ஊழியம் செய்யத் தடை, பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கும் தடை. துரோவாவில் ‘மக்கெதோனியாவுக்கு வா’ என்ற தரிசனம் கண்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் கூட இருந்தவர்களும் சேர்ந்து நிச்சயித்துத்தான் மக்கெதோனியாவுக்குக் கப்பலேறினார்கள்.

சரி, உன் விஷயம். வேலை ஒப்பந்தத்தை முழுசாகப் படித்தாயா? சம்பளம், லீவு, தங்குமிடம் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா? அம்மாவுக்குத் துணை யார்? இதையும் ஜெபத்தில் வை. அப்புறம் அம்மாவோடு உட்கார்ந்து பேசு. பேசுமுன் இருவரும் சங்கீதம் 37-ன் 40 வசனத்தையும் வாசித்துவிடுங்கள்.