பரிசு ஒருவருக்கா, டீமுக்கா?

கேள்வி: கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் தரப் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆறு பேர் சேர்ந்து உழைத்ததில், வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பி) கருகித் திரும்பி வரும் மோட்டார்கள் நன்றாகக் குறைந்துவிட்டன. அந்தக் கம்பிக்குப் பூசிய வார்னிஷ் காயவைக்கும் அடுப்பில் சூடு சீராக இல்லை என்று கண்டுபிடித்தது புதிதாகச் சேர்ந்த பெண் இன்ஜினியர். ஆண்டு விழாப் பரிசுக்கு மேனேஜர் ஒரே ஒரு பெயர் கேட்கிறார். அந்தப் பெண்ணின் பெயரைக் கொடுத்தால் மற்றவர்கள் முகம் வாடும். 'டீம்' என்று கொடுத்துவிடலாமா?

பதில்: வெறுமனே 'டீம்' என்று கொடுக்காதீர்கள். அப்படி எழுதினால் பார்க்கிறவர்கள் தங்களுக்குப் பழக்கமான முகத்தைத்தான் நினைப்பார்கள். இங்கே அது உங்கள் முகம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் துறைகளை ஹெதர் சார்சன்ஸ் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். தனியாக எழுதிய கட்டுரைகள், பணி நிரந்தரத்துக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி உதவின. ஆண்களோடு சேர்ந்து எழுதியவற்றில் பெண்களுக்குக் கிடைத்த மதிப்பு குறைவு.

மற்ற ஐவரின் மனக்குறையையும் தள்ளிவிட முடியாது. 1979-ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் பட்ட பாடு தனக்குத் தெரியும். அடுத்தவர் பட்டது கண்ணில் பட்டால்தான் உண்டு.

அதனால் பெயர் கொடுக்கும் முன் ஆறு பேரையும் அரை மணி நேரம் உட்காரவையுங்கள். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி அல்ல, மற்ற ஐவரும் என்ன செய்தார்கள் என்று எழுதட்டும். சதவீதம் போடவே வேண்டாம், சண்டைதான் மிஞ்சும். செய்த வேலையை எழுதச் சொல்லுங்கள். பல ஆய்விதழ்கள் இதற்காகவே 14 வகைப் பணிகளைப் பிரித்து, யார் எதைச் செய்தார் என்று அச்சிடுகின்றன. உங்களிடமும் ரிஜெக்ஷன் பதிவேட்டை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்தவர் ஒருவர், ஹீட்டரைச் சரிசெய்தவர் ஒருவர் இருப்பார்கள். அத்தனை நாளும் லைன் நிற்காமல் பார்த்துக்கொண்டவரும் இருப்பார். எந்தப் பட்டியலிலும் விட்டுப்போவது இவர்தான். இவர் இல்லாமல் மற்றவர்களுக்கு யோசிக்க நேரமே கிடைத்திருக்காது.

அதன் பிறகும் மேனேஜர் ஒரு பெயர்தான் என்றால், தயங்காமல் அந்தப் பெண்ணின் பெயரைக் கொடுங்கள். என்ன கண்டுபிடித்தார் என்று ஒரு வரி சேருங்கள். கூடவே ஆறு பேர் செய்ததையும் மேடையில் வாசிக்கச் சொல்லுங்கள். பரிசுப் பணம் இருந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை விழாவுக்கு முன்பே எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். ஐவருக்கும் செய்தியை நேரில் நீங்களே சொல்லுங்கள், மைக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். ஆறு பேருடைய அப்ரைசலிலும் அவரவர் வேலை எழுத்தில் ஏற வேண்டும். சம்பள உயர்வு பேசும்போது மேலே இருப்பவர்கள் புரட்டுவது அந்தத் தாளைத்தான்.

விழா காலையில் என்றால், ஹீட்டரைச் சரிசெய்தவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கக்கூடும். அவரும் வர முடிகிற நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.