மின்முனை இல்லாத விளக்கு: மலைவாசகர் கேள்விகளுக்குப் பதில்

மைக்ரோவேவ் அலையால் எரியும் கந்தக விளக்கில் மின்முனை இல்லை என்கிறார்கள். அதனால் என்ன நன்மை? (தேயிலைத் தொழிற்சாலைப் பராமரிப்பாளர், குன்னூர்)

உங்கள் கூடங்களில் எரியும் மெட்டல் ஹாலைடு விளக்குகள் மங்குவதற்கு முக்கியக் காரணம், மின்சாரத்தைக் குமிழுக்குள் கொண்டுசெல்லும் உலோக முனையான மின்முனைதான். அதிலுள்ள டங்ஸ்டன் மெல்ல ஆவியாகி உட்சுவரில் கருமையாகப் படிகிறது; உலோகம் கண்ணாடிக்குள் நுழையும் இடமும் மாறிமாறி வரும் சூட்டிலும் குளிரிலும் பலவீனமடைகிறது. கந்தக விளக்கில் முழுவதும் மூடிய குவார்ட்ஸ் குமிழுக்குள் சிறிதளவு கந்தகமும் ஆர்கான் வாயுவும் மட்டுமே உள்ளன. வெளியிலுள்ள மேக்னட்ரான் என்ற கருவி உண்டாக்கும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் அலை முதலில் ஆர்கானை அயனியாக்க, அந்த வெப்பத்தில் கந்தகம் ஆவியாகி ஒளிர்கிறது. உலோகத்தை அரிக்கும் கந்தகத்தையே ஒளிதரும் பொருளாக்க முடிந்தது உள்ளே உலோகம் இல்லாததால்தான். இதையே இந்நுட்பத்தின் தலையாய நன்மையாக நான் கருதுகிறேன்.

1990-களில் விற்பனைக்கு வந்த ஒரு விளக்கு ஏறத்தாழ 1,425 வாட்டில் 1,35,000 லூமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) ஒளி தந்தது. குமிழ் நெடுங்காலம் உழைத்தாலும், மேக்னட்ரானை 15,000 முதல் 20,000 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டியிருந்தது. அன்று பெரிய சாதனையான அந்த ஒளித்திறனை இன்றைய நல்ல எல்இடி விளக்குகள் தாண்டிவிட்டதால், புதிதாக வாங்குவோருக்கு எல்இடியையே பரிந்துரைப்பேன்.

இதில் பாதரசம் உண்டா? (ஆசிரியை, கொடைக்கானல்)

கந்தக விளக்கில் இல்லை. 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவால் இன்றும் கவலைப்படும் ஊரிலிருந்து வரும் இக்கேள்வி மிகவும் நியாயமானது. ஆனால், மின்முனையற்றவை என்றே விற்கப்படும் இண்டக்ஷன் விளக்குகள் (மின்காந்தச் சுருளால் எரிபவை) வேறு வகை. அவற்றில் பாதரசம் உண்டு. ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், உள்ளே இருக்கும் பொருள் எது என்று கேளுங்கள். பழுதான இண்டக்ஷன் விளக்கை உடைக்காமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

மூடுபனிக் காலத்தில் பசுமைக்குடிலின் கார்னேஷன் செடிகளுக்கு இந்த ஒளி உதவுமா? (மலர் விவசாயி, கோத்தகிரி)

இதன் நிறமாலை சூரிய ஒளியைப் போல இடைவெளியின்றித் தொடர்வதும், புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் குறைவாக இருப்பதால் இலைகள் அதிகம் சூடேறாததும் உண்மையான நன்மைகள். எனினும் இதன் உச்சம் 510 நானோமீட்டர் அளவில், பச்சைப் பகுதியில் இருக்கிறது. கார்னேஷன் நீண்ட பகலை விரும்பும் செடி. பகலை நீட்டி விரைவில் பூக்கவைக்கக் சிவப்பு மிகுந்த மங்கலான ஒளியே போதும் என்பதால், இவ்வளவு பெரிய விளக்கு உங்களுக்குத் தேவையில்லை.

அலை வெளியே கசியாதா? (மாணவர், உதகை)

மைக்ரோவேவ் அடுப்பின் கதவிலுள்ளதைப் போன்ற உலோக வலை குமிழைச் சுற்றி இருப்பதால், ஒளி வெளியேறும். அலை உள்ளேயே தடுக்கப்படும். வலை சேதமானால் விளக்கை உடனே நிறுத்த வேண்டும். வைஃபையும் இதே அலைவரிசைப் பகுதியில் இயங்குவதால், சிறு கசிவுகூட அதற்கு இடையூறாகலாம்.

மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் போகிறதே, தாங்குமா? (கடைக்காரர், கூடலூர்)

குளிர்ந்த நிலையில் அரை நிமிடத்துக்குள் பெரும்பகுதி ஒளி வந்துவிடும். எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், குமிழுக்குள் உள்ள கந்தக ஆவியின் அழுத்தம் தணியும்வரை, அதாவது சுமார் 5 நிமிடம், காத்திருந்துதான் மீண்டும் ஏற்ற முடியும். அந்த இடைவெளிக்குத் தனி அவசர விளக்கு கட்டாயம் வேண்டும்.